பெயரில்லா அரபியும் பெல்கூர்ச் சிறுவனும்

அல்ஜீரியா என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதற்கண் எழுகின்ற பெயர் அமீர் அப்துல் காதிர் அவர்களுடையதாகும். 1832 முதல் 1847 வரை பதினைந்தாண்டுகள் பிரெஞ்சுப் பெரும்படையை எதிர்த்து நின்ற அப்பெருமகனார், பின்னர்த் திமிஷ்கில் வாழ்ந்த காலையில், 1860-ஆம் ஆண்டுக் கலகத்தின்போது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களின் உயிரைக் காத்தார் என்ற வரலாற்றை நம் இல்லத்துப் பெரியோர் பலர் அறிவர். அதே அல்ஜீரிய மண்ணில் பிறந்த மற்றொருவரைப் பற்றி இங்கு எழுதப் புகுகின்றோம். அவர் முஸ்லிம் அல்லர். இறைநம்பிக்கை உடையவரும் அல்லர். ஆண்ட இனத்தில் பிறந்தவர். ஆனால், ஆண்டவர்களுள் பரம ஏழை. 1957-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஆல்பெர் காம்யு என்பவரே அவர்.

இவரைப் பற்றி நாம் எழுதுவானேன் என்று வாசக நேயர்கள் வினவலாம். காரணம் உண்டு. நம் உறவினர் வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி, தமிழில் ‘அந்நியன்’ என்னும் பெயரில் வந்துள்ள காம்யுவின் நாவலைப் படித்து முடித்துவிட்டு நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். “இந்தக் கதையில் நாய்க்குச் சொந்தக்காரருக்குப் பெயர் இருக்கிறது, உணவு விடுதிக்காரருக்குப் பெயர் இருக்கிறது. சுட்டுக் கொல்லப்படுகிற அரபிக்கு மட்டும் ஏன் பெயரில்லை?” என்பது அவள் கேள்வி. உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அவ்விடையைத் தேடிச் சென்றபோது நமக்குக் கிடைத்தவையே இக்கட்டுரையாயின.

1830-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள் அல்ஜியர்ஸ் நகரம் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. அன்று தொடங்கிய அடிமைத்தளை 1962 ஜூலை 5 வரை, நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்தது. நல்ல நிலங்கள் பறிக்கப்பட்டு, பிரான்சிலிருந்தும் இசுபானியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மால்டாத் தீவிலிருந்தும் வந்து குடியேறியோர்க்கு வழங்கப்பெற்றன. அல்ஜீரியா அந்நிய நாடன்று, பிரான்சின் ஒரு பகுதியே என்று சட்டம் சொல்லிற்று. ஆனால், அந்தப் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம்கள் பிரான்சின் குடிமக்கள் ஆகவில்லை. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை வேண்டும் முஸ்லிம், திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஅத்தைக் கைவிட்டுவிட வேண்டும். ஈமானை விலையாகக் கேட்பதாகவே மக்கள் இதனைக் கருதினர். எழுபது ஆண்டுகளில் மிகச் சிலரே அவ்வுரிமையை நாடிச் சென்றனர் என்பதில் வியப்பில்லை.

இந்நாட்டின் கிழக்குப் பகுதியில், இன்று அன்னாபா எனப்படும் துறைமுக நகருக்கு அணித்தேயுள்ள மொந்தோவி என்ற சிற்றூரில், 1913 நவம்பர் 7-ஆம் நாள் காம்யு பிறந்தார். தந்தை லூசியன் ஒரு திராட்சைத் தோட்டத்து மதுக் கிடங்கின் ஊழியர். தாயார் கேத்தரின் இசுபானிய வழியினர். மினோர்க்காத் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். அவருக்குக் காது சரியாகக் கேளாது. பேச்சும் மிகக் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாது. குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன் முதல் உலகப்போர் மூண்டது. படைக்கு அழைக்கப்பட்ட தந்தை, தாம் அதுவரை கண்டிராத பிரான்சு நாட்டின் மார்ன் போர்க்களத்தில் காயமுற்று, 1914 அக்டோபர் 11-இல் மருத்துவமனையில் இறந்தார். அவர் உடலிலிருந்து எடுத்த குண்டுச்சில்லை மருத்துவமனையினர் விதவைக்கு அனுப்பி வைத்தனர். அந்தத் தாயார் அதனை ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் காத்தார். மகனுக்குத் தந்தை விட்டுச்சென்ற சொத்து அதுவே.

இன்னொரு சொத்தும் உண்டு எனலாம். அது ஒரு கதை. ஒரு குடும்பத்தையே கொன்ற கொலைகாரனைக் கில்லட்டின் எந்திரத்தால் தலைவெட்டும் காட்சியைக் காண, நீதி நிறைவேறுகிறது என்ற எண்ணத்துடன், லூசியன் விடியற்காலையில் எழுந்து சென்றாராம். திரும்பி வந்தவர் எதுவும் பேசவில்லை. கட்டிலில் சாய்ந்து வாந்தி எடுத்தாராம். வீட்டார் சொல்லக் கேட்ட இச்செய்தி, காம்யுவை வாழ்நாள் முழுதும் விடவில்லை. ‘அந்நியன்’ நாவலிலும் இதனை எழுதினார். 1957-இல் மரண தண்டனையை எதிர்த்து எழுதிய நீண்ட கட்டுரையையும் இதைக்கொண்டே தொடங்கினார். முகம் அறியாத தந்தையைப் பற்றி மகன் அறிந்தவற்றுள் மிகத் தெளிவானது அந்த வாந்தி ஒன்றுதான் போலும்!

விதவையான கேத்தரின் இரு ஆண்மக்களுடன் அல்ஜியர்ஸ் நகரின் பெல்கூர்ப் பகுதியில் தம் தாயின் வீட்டை அடைந்தார். தொழிலாளர் வாழும் பகுதி அது. ஏழைப் பிரெஞ்சுக்காரர், இசுபானியர், அரபியர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். வீட்டில் மூன்றே அறைகள்; மின்விளக்கில்லை; கழிப்பிடம் பிற குடித்தனங்களுக்கும் பொது. குடும்பத் தலைவி பாட்டியார். மாட்டுத்தோல் சாட்டை ஒன்றை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளை அடக்கி ஆண்டவர். தாயார் பிறர் வீடுகளைக் கூட்டிப் பெருக்கிக் கழுவிப் பிழைத்தார். மாலையில் களைத்து வந்து, சன்னலருகே நாற்காலியில் அமர்ந்து, வாய் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டி அடிக்கும்போது ‘தலையில் அடிக்காதே’ என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல இயலாது. காம்யு பிற்காலத்தில் எழுதிய எல்லாவற்றுக்கும் பின்னே அந்தப் பேசாத தாயார் அமர்ந்திருக்கின்றார். உலகத்தைப் பார்த்து மனிதன் ஏன் என்று கேட்கிறான், உலகம் பேசாமல் இருக்கிறது என்பதன்றோ அவருடைய தத்துவத்தின் சாரம்! அந்த மௌனத்தை அவர் முதன்முதலில் கண்டது நூல்களில் அன்று, பெல்கூர் வீட்டின் சன்னலருகில்தான் என்பது நம் கருத்து.

பத்து வயதில் வேலைக்குச் சென்றிருக்க வேண்டிய பிள்ளை. அவரைத் தடுத்தாட்கொண்டவர் லூயி ஜெர்மேன் என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியர். தாமும் போரில் ஈடுபட்டு மீண்டவராதலின், போரில் தந்தையை இழந்த மாணவர்பால் அவர் தனிப் பரிவு கொண்டிருந்தார். போர்க்கள வாழ்வைச் சித்திரிக்கும் தொர்ழெலேயின் நாவலை வகுப்பில் படித்துக் காட்டுவார். சிறுவன் காம்யு கேட்டு அழுவார். உதவித்தொகைத் தேர்வுக்கென ஊதியமின்றித் தனிப்பாடம் நடத்தினார். பையன் சம்பாதிக்க வேண்டும் என்று மறுத்து நின்ற பாட்டியை வீடு தேடி வந்து இணங்க வைத்தார். 1924-இல் காம்யு தேர்வில் வென்று நகரின் பெரிய உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். நோபல் பரிசு அறிவிக்கப்பெற்றதும், தாயாரை நினைத்த பின்னர் அடுத்து நினைத்தது தங்களைத்தான் என்று அந்த ஆசிரியருக்கு மடல் எழுதினார் காம்யு. உஸ்தாதின் காலடியில் அமர்ந்து ஓதிய நம் சமூகத்தார்க்கு அம்மடலின் உருக்கத்தை விளக்க வேண்டுவதில்லை.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. காம்யு பயின்ற அந்தப் பள்ளி பின்னர்ப் பூஜோ என்பவரின் பெயரால் வழங்கியது. யார் இந்தப் பூஜோ? அமீர் அப்துல் காதிரை ஒடுக்குவதற்காக ஊர்களையும் விளைந்த பயிர்களையும் எரித்த பிரெஞ்சுத் தளபதி. விடுதலைக்குப் பின் அப்பெயர் அகற்றப்பட்டு, அமீர் அப்துல் காதிர் பள்ளி எனப் பெயர் சூட்டப்பெற்றது. பெயர் வைப்பதும் பெயரை நீக்குவதும் ஆட்சியின் கூறுகளே போலும்!

பள்ளியில் பந்தாட்டத்தில் அவர் இலக்குக் காவலர். பின்னர்ப் பல்கலைக்கழகக் கழகத்தின் இளையோர் அணிக்கும் ஆடினார். 1930-இல், பதினேழாம் வயதில், இருமலுடன் இரத்தம் வந்தது. காசநோய்! அதற்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. முஸ்தபா மருத்துவமனையில் கிடந்த அந்த இளைஞர், சாவு என்பது முதியோர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அறிந்தார். இறைச்சிக்கடை வைத்திருந்த சிற்றப்பா ஒருவர், நல்ல உணவு கிடைக்கட்டும் என்று தம் வீட்டில் வைத்துக்கொண்டார். நூல்கள் நிறைந்த வீடு அது. ழான் கிரெனியே என்னும் தத்துவ ஆசிரியரின் நட்பும் அக்காலத்தில் வாய்த்தது. 1936-இல் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு, கிரேக்க ஞானி புளோட்டினஸையும் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டினையும் பற்றியது. அகஸ்டின் வாழ்ந்த ஹிப்போ நகரம் காம்யு பிறந்த ஊருக்கு அண்மையில் உள்ளதே. ஆனால், நுரையீரல் நோயைக் காரணம் காட்டி, ஆசிரியப் பணிக்கான மேல்தேர்வை எழுத அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பேராசிரியராக வேண்டியவர் பத்திரிகையாளரானார்.

அதற்கு முன்பே அரசியல் அவரை ஈர்த்திருந்தது. 1935-இல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். முஸ்லிம் தொழிலாளரிடையே கட்சியை வளர்ப்பது அவருக்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று. அல்ஜீரிய விடுதலை வேண்டிய மெஸ்ஸாலி ஹாஜ் அவர்களின் இயக்கத்தினரைக் கட்சி அந்நாளில் ஆதரித்தது. பின்னர்ப் பாசிசத்தை எதிர்க்கப் பிரான்சுடன் ஒட்டி நிற்பதே முதற்கடமை என மேலிடம் முடிவு செய்ததும், நேற்றுவரை தோழர்களாக இருந்த முஸ்லிம் தேசியவாதிகளைக் கைகழுவிற்று. காம்யு இதனை ஏற்க மறுத்தார். 1937-இல் கட்சியினின்றும் விலக்கப்பட்டார். அதே ஆண்டில், ஷரீஅத்தைக் கைவிடாமலேயே இருபதினாயிரத்துக்குச் சற்று மிகுதியான முஸ்லிம்களுக்கு வாக்குரிமை தரும் புளூம்–வியோலெத் திட்டத்தை ஆதரித்து நின்றார். அறுபது லட்சம் முஸ்லிம்களில் இருபதினாயிரம் பேர்! அதைக்கூடக் குடியேறிகள் பொறுக்கவில்லை. அத்திட்டம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

1938 அக்டோபரில் ‘அல்ஜே ரெப்புப்ளிக்கேன்’ என்னும் நாளிதழ் தோன்றியது. பாஸ்கல் பியா ஆசிரியர்; காம்யு செய்தியாளர். இக்காலத்து அவர் பணிகளுள் இரண்டினை நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும்.

முதலாவது, ஷைகு தையிபுல் உக்பீ அவர்களின் வழக்கு. இமாம் அப்துல் ஹமீத் பின் பாதீஸ் அவர்களின் தலைமையில் 1931-இல் அல்ஜீரிய உலமாக்கள் சங்கம் அமைந்தது. அரபு மொழியையும் மார்க்கக் கல்வியையும் மீட்டெடுக்க மத்ரஸாக்கள் கண்ட அமைப்பு அது. அல்ஜியர்ஸில் அச்சங்கத்தின் குரலாக விளங்கியவர் ஷைகு உக்பீ. அந்நகரின் ‘நாதித் தரக்கீ’ என்னும் முன்னேற்றக் கழகத்தில் அவர் ஆற்றும் பேருரைகளைக் கேட்க மக்கள் திரள்வர். 1936 ஆகஸ்டு 2-ஆம் நாள், முஸ்லிம் காங்கிரஸ் மாபெரும் கூட்டம் நடத்திய அதே நாளில், அரசு சார்பான முஃப்தி கஹூல் என்பார் நகரத் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். பிடிபட்டவன், ஷைகு உக்பீயே தன்னை ஏவியதாக முதலில் சொல்லிப் பின்னர் மறுத்தான். மார்க்க அறிஞர் சிறையிடப்பட்டார். முஸ்லிம் காங்கிரசின் எழுச்சி ஒரே நாளில் முறிந்தது. 1939 ஜூனில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீதிமன்றத்தில் அமர்ந்து நாள்தோறும் எழுதியவர் இருபத்தைந்து வயதுக் காம்யு. ஷைகின் கண்ணியமான தோற்றத்தையும், குற்றச்சாட்டின் ஓட்டைகளையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். ஷைகு அவர்கள் விடுதலை பெற்றார். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் அந்நாளில் ஓர் ஆலிமுக்காக இவ்வாறு எழுதியது எளிய செயலன்று.

இரண்டாவது, கபீலியா மலைநாட்டுப் பயணம். அதே 1939 ஜூன் 5 முதல் 15 வரை பதினொரு கட்டுரைகள் வெளிவந்தன. அந்த மலைவாழ் முஸ்லிம்கள் பர்பர் இனத்தவர். அங்குக் கண்டதைக் காம்யு அலங்காரமின்றி எழுதினார். திஸிஊஸூ நகரில் ஒரு விடியற்பொழுதில், கந்தலுடுத்த சிறுவர்கள் குப்பைத்தொட்டியில் கிடந்ததற்காக நாய்களோடு போரிட்டதைக் கண்டார். தானியம் தீர்ந்த குடும்பங்கள் முட்செடியின் தண்டையும் வேரையும் தின்று நாட்களைக் கடத்தின. பத்து, பன்னிரண்டு மணி நேர உழைப்புக்கு ஆறு முதல் பத்து பிராங்க் கூலி. வகுப்பறையில் பசியால் மயங்கி விழும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் சொன்னார்கள். அரசோ ஆங்காங்கே அரண்மனை போன்ற ஒரு பள்ளியைக் கட்டிவிட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருந்தது. அப்பணத்தில் எளிய பள்ளிகள் பல கட்டலாமே என்றார் காம்யு. இம்மக்களுக்குத் தேவைகள் குறைவு, இவர்கள் மனப்பாங்கே வேறு என்று ஆள்வோர் கூறிவந்த சாக்குகளை அவர் வெறுத்து ஒதுக்கினார். பசி எல்லா இனத்தார்க்கும் ஒன்றே என்பதைப் பெல்கூரில் வளர்ந்த அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

எனினும், அந்தப் பதினொரு கட்டுரைகளையும் ஒருசேரப் படிக்கையில் நமக்கு ஒரு குறை தோன்றாமலில்லை. கூலி உயர வேண்டும், பள்ளி வேண்டும், ஊராட்சி உரிமை வேண்டும் என்கிறார். இவை எல்லாவற்றையும் தர வேண்டியது பிரான்சு என்கிறார். பிரான்சு அங்கே ஏன் இருக்க வேண்டும் என்ற வினா மட்டும் எழவில்லை. நோயை உள்ளவாறு கண்ட மருத்துவர், அதன் வேரைத் தொடாமல் எழுந்து வந்ததை ஒக்கும் இது. ஆயினும், அந்நாளில் பிற வெள்ளையர் நோயே இல்லை என்று சாதித்தனர் என்பதையும் மறத்தலாகாது. 1940 சனவரியில் அரசு அவ்விதழாளர்களின் குரலை முற்றாக அடக்கியது. வேலையிழந்த காம்யு மார்ச்சு மாதம் பாரிசு சென்றார்.

1942-இல் ‘அந்நியன்’ நாவலும் ‘சிசிஃபஸ் தொன்மம்’ என்னும் தத்துவ நூலும் வெளிவந்தன. இவற்றால் அவரை இருத்தலியல்வாதி என உலகம் அழைத்தது. தாம் இருத்தலியல்வாதி அல்லர் என 1945-இல் அவரே மறுத்தார்; அப்பட்டத்தை முழுமனத்தோடு ஏற்றவர் ழான் போல் சார்த்தர்தாம். இருவரும் 1943-இல் நண்பர்களாகி 1952-இல் பிரிந்தனர். ஆனால், மனிதன் தன் வாழ்வின் பொருளைத் தானே எதிர்கொள்ள வேண்டும் என்ற கவலை இருவர்க்கும் பொது. எனவே, உலகம் சூட்டிய பெயரை நாமும் முற்றும் ஒதுக்கவில்லை.

காம்யுவின் வாதம் சுருக்கமாக இதுவே. மனிதன் ஒழுங்கையும் பொருளையும் வேண்டுகிறான். உலகம் விடை தரவில்லை. வேண்டும் மனிதனுக்கும் வாய் திறவாத உலகுக்கும் இடையிலான பொருந்தாமையை அவர் ‘அபத்தம்’ என்றார். அங்ஙனமாயின் வாழ்வதா, உயிரை மாய்த்துக்கொள்வதா என்பதே தத்துவத்தின் தலையாய வினா என்று நூலைத் தொடங்குகிறார். தற்கொலை கூடாது என்பதே அவர் முடிவு. உயிர் அல்லாஹ்வின் அமானிதம் என்பதால் நாம் கூடாது என்கிறோம்; அதை மாய்த்துக்கொள்வது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்பதால் அவர் கூடாது என்கிறார். வழி வேறு, வந்து நின்ற இடம் ஒன்று. பாறையை மலையுச்சிக்கு உருட்டி, அது மீண்டும் உருள, மீண்டும் உருட்டுமாறு தண்டிக்கப்பட்ட கிரேக்கப் பழங்கதை மாந்தனை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவன் தன் நிலையை அறிந்தும் பணியாதவன். எனவே மகிழ்ந்தவன் என்று முடித்தார்.

இதனைப் படிக்கையில் இமாம் கஸ்ஸாலி அவர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. ஐம்புலன்களையும் ஐயுற்று, பகுத்தறிவின் அடிப்படைகளையும் ஐயுற்று, ஏறத்தாழ இரண்டு திங்கள் இருளில் தவித்ததைத் தம் ‘அல்முன்கிது மினள் ளலால்’ நூலில் அவர்களே கூறுகின்றார்கள். அந்த ஐயம் தீர்ந்தது வாதங்களால் அன்று, இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால் என்றும் கூறுகின்றார்கள். காம்யுவும் அதே இருளின் வாயிலில் நின்றவர்தாம். ஒளியை அவர் கேட்கவில்லை. கேட்பதையே கோழைத்தனம் எனக் கருதினார். இங்கேதான் நாம் அவரிடமிருந்து விடைபெறுகின்றோம். ஆனால் அவரது மறுப்பு, இன்பவெறியர்களின் மறுப்பன்று. சாவுக்குப்பின் ஒன்றுமில்லை என்று எண்ணிய அவர், அதனாலேயே பிறரைத் துன்புறுத்தலாகாது என்றும் எண்ணினார். மறுமையை வாயால் ஒப்புக்கொண்டு, வேலைக்காரியின் கூலியைப் பிடித்தம் செய்கின்ற நம்மவர் சிலரைவிட அந்த மறுப்பு நேர்மையானது என்று சொன்னால் யாரும் சினம் கொள்ள வேண்டா.

இனி, அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ‘அந்நியன்’ கதையில் மெர்சோ என்னும் எழுத்தர், வெயில் கொளுத்தும் கடற்கரையில் ஓர் அரபியைச் சுட்டுக் கொல்கிறான். விசாரணையில் அவன்மீது பெரிதும் சாட்டப்படும் குற்றமோ, தாயின் சவ அடக்கத்தில் அழவில்லை என்பதே. செத்தவன் யார், அவன் தாய் அழுதாளா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் நீதி இத்தகையது என்று காட்டவே காம்யு இவ்வாறு எழுதினார் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், 1947-இல் வெளிவந்த ‘கொள்ளைநோய்’ நாவலை எடுத்துக்கொள்வோம். ஓரான் நகரில் நிகழும் கதை. அரபியரின் வாழ்நிலையை ஆராய வந்த ஒரு பத்திரிகையாளரிடம், முழு உண்மையை எழுத உங்களால் முடியுமா என மருத்துவர் கேட்கிறார். முடியாது என்பது விடை. அத்துடன் அரபியர் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றனர். கபீலியாவில் முழு உண்மையை எழுதியவர் எழுதிய நாவல் இது!

இதனை அன்றே நேரில் கேட்டவர் ஒருவர் உண்டு. மௌலூது ஃபெராவுன் என்னும் கபீலிய முஸ்லிம் எழுத்தாளர். அவரும் 1913-இல் பிறந்தவரே; அவரும் வறிய வீட்டுப் பிள்ளையே; அவரும் உதவித்தொகை பெற்றுப் படித்து ஆசிரியரானவரே. காம்யு பதினொரு கட்டுரைகளில் எழுதிய அந்த மலைகளில்தான் அவர் பிறந்து வளர்ந்தார். தம் இளமையை ‘ஏழையின் மகன்’ என்ற நூலாக 1950-இல் வெளியிட்டார். குடும்பத்தை ஊரார் ஆயித் ஷஃபான் என்றே அழைத்தனர். ஃபெராவுன் என்பது பிரெஞ்சு அதிகாரிகள் தங்கள் பதிவேட்டில் எழுதிக்கொடுத்த பெயர். 1951-இல் அவர் காம்யுவுக்கு மடல் எழுதினார். ‘கொள்ளைநோய்’ நாவலில் இம்மண்ணின் மக்களுள் ஒருவர்கூட இல்லாததற்கு வருந்துவதாக மிகுந்த மரியாதையோடு குறிப்பிட்டார். பகையாளி எழுதிய மடலன்று. நண்பராகப் போகின்றவர் எழுதியது. அதனாலேயே அதன் எடை மிகுதி.

நம் மனத்தில் பட்டதைக் கூறுகின்றோம். செய்தியாளர் காம்யு முஸ்லிம்களிடம் சென்றார், கேட்டார், எழுதினார். நாவலாசிரியர் காம்யு தம் உள்ளத்துக்குள் சென்றார். அங்கே தாயார் இருந்தார், கடல் இருந்தது, வெயில் இருந்தது. அடுத்த தெரு அரபி இல்லை. ஒரே நகரில், ஒரே வறுமையில் வாழ்ந்தும், அரபு மொழியை அவர் கற்றுக்கொள்ளவில்லை. கற்க வேண்டிய தேவையை அந்த ஆட்சி அவருக்கு ஏற்படுத்தவில்லை. பெயரறியாமை அவருடைய தனிக் குற்றமன்று. ஆயினும் அவர் எழுத்தில் அது தங்கிவிட்டது. எட்வர்ட் சைத் 1993-இல் எழுதிய நூலில் இதனையே கடுமையாக எடுத்துரைத்தார்.

பிந்திய வரலாற்றை விரைந்து கூறிவிடலாம். 1945 மே 8-ஆம் நாள், ஐரோப்பாவில் போர் முடிந்த அன்று, ஸெதீஃப் நகரில் விடுதலைக் கொடி ஏந்திய முஸ்லிம்கள் சுடப்பட்டனர். தொடர்ந்த கலவரத்தில் ஐரோப்பியர் நூறு பேர் அளவில் மாண்டனர். பழிவாங்கலில் மாண்ட முஸ்லிம்கள் 45,000 என அல்ஜீரியர் கூறுவர். பிரெஞ்சு அரசு ஆயிரத்தைச் சற்றே தாண்டிய கணக்கைச் சொன்னது. பாரிசு இதழ்கள் பழிவாங்கக் கூவியபோது, தாம் ஆசிரியராயிருந்த ‘கொம்பா’ இதழில் பசியையும் அநீதியையும் பாருங்கள் என்று எழுதினார் காம்யு. 1954-இல் விடுதலைப்போர் மூண்டது. 1956 சனவரி 22-ஆம் நாள், இரு தரப்பும் பொதுமக்களைக் கொல்லாதிருக்க உடன்பட வேண்டும் என்று அல்ஜியர்ஸில் அவர் பேசினார். பேசிய இடம், ஷைகு உக்பீ உரையாற்றி வந்த அதே முன்னேற்றக் கழகம்! ஃபர்ஹாத் அப்பாஸ் அவர்கள் வந்து அவரைத் தழுவிக்கொண்டார். நோயால் நலிந்திருந்த ஷைகு உக்பீயும் அம்முயற்சிக்கு ஆதரவு தந்தார். வெளியே காம்யு ஒழிக என்று கூச்சலிட்டவர்கள் அவருடைய சொந்த இனத்தார்.

முயற்சி தோற்றது. பின்னர் அவர் பொதுவில் பெரும்பாலும் மௌனமானார். 1957-இல் பரிசு பெறச் சென்ற ஸ்டாக்ஹோமில், ஓர் அல்ஜீரிய இளைஞர் இடித்துக் கேட்டபோது, அல்ஜியர்ஸ் டிராம் வண்டிகளில் குண்டு வெடிக்கிறது, என் தாய் அதில் செல்லக்கூடும், அதுதான் நீதியென்றால் நான் என் தாயையே தேர்ந்துகொள்வேன் என்ற கருத்தில் விடை கூறினார். நீதியைவிடத் தாயே பெரிது என்று அது சுருங்கி உலகெங்கும் பரவி, அவர் பெயரைக் கெடுத்தது. தாயின் காலடியில் சுவனம் உண்டென்று கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த விடை அயலானதன்று. ஆனால் கபீலியத் தாய்மார்க்கும் பிள்ளைகள் இருந்தனரே என்ற எண்ணமும் கூடவே எழுகின்றது.

1960 சனவரி 4-ஆம் நாள், நண்பர் ஓட்டிய கார் மரத்தில் மோதிக் காம்யு இறந்தார். வயது நாற்பத்தாறு. அவ்வாண்டிலேயே தாயார் கேத்தரினும் மறைந்தார், ஷைகு உக்பீயும் மறைந்தார். 1962 மார்ச்சு 15 அன்று, போர்நிறுத்தத்துக்குச் சில நாட்களே இருக்கையில், குடியேறிகளின் வன்முறைக் கூட்டம் மௌலூது ஃபெராவுனையும் உடனிருந்த ஐவரையும் சுவரருகே நிறுத்திச் சுட்டுக் கொன்றது. கல்விப்பணி பற்றிய கூட்டத்தில் இருந்தவரை வெளியே அழைத்துச் சென்று செய்த கொலை அது.

பெயரில்லா அரபிக்கு எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னர்ப் பெயர் கிடைத்தது. காமெல் தாவூத் என்னும் அல்ஜீரிய எழுத்தாளர் 2013-இல் எழுதிய நாவலில், கொல்லப்பட்டவனின் தம்பி கதை சொல்கிறான். அண்ணன் பெயர் மூஸா. தம்பி பெயர் ஹாரூன். மாணவியிடம் இதனைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. அந்நூலில் மார்க்கத்தைப் பற்றிய சில பேச்சுகள் நமக்கு உடன்பாடல்ல என்பதையும் சொல்லி வைத்தோம்.

விபத்து நடந்த இடத்தில் காம்யுவின் கைப்பை கிடைத்தது. அதனுள் ‘முதல் மனிதன்’ என்னும் நாவலின் கையெழுத்துப்படி, 144 பக்கங்கள். தந்தையின் கல்லறையைத் தேடிச் செல்லும் மகனின் கதை, பெரும்பாலும் அவர் சொந்த வாழ்க்கையே. படிக்கத் தெரியாத தாயாருக்கு அதனைக் காணிக்கையாக்கியிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து 1994-இல்தான் அது அச்சேறியது. உடன் அச்சிடப்பட்ட குறிப்புகளில் ஒன்று நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. கதையின் முடிவுக்கென அவர் எழுதி வைத்திருந்தது அது. நிலம் முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், ஒன்றுமே இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அதில் வேண்டுகின்றார். அந்த ஏழைகள் பெரும்பாலோர் அரபியர், சிலர் பிரெஞ்சுக்காரர் என்றும் தம் கையாலேயே எழுதியிருக்கின்றார்.